கோடிப்புறத்துத் துப்பு: பெண்களின் வரலாற்று மர்மக் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

சரித்திர நாவல் என்றால் அரசன், குதிரை, வாள். மர்மக் கதை என்றால் பிணம், பொலிஸ், கடைசிப் பக்கத்தில் பிடிபடும் ஒருவன். பெண்களின் கதை என்றால் குடும்பம், கண்ணீர். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய வாசிக்கிறவர்கள் கூட இந்த மூன்றையும் தனித்தனித் தட்டுகளில் வைத்துத்தான் பேசுகிறார்கள். மூன்றும் ஒரே நூலில் வந்தால் ஏதோ கதம்பம் என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலருக்கு அது பொழுதுபோக்குச் சரக்கு: பழைய காலத்துச் சேலை கட்டிய ஒரு துப்பறியும் பெண், அவளுக்குத் துணையாக ஒரு சிநேகிதி, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த எண்ணத்தை மாற்றுவதற்காக எழுதப்பட்டது. இவ்வகைக் கதைகளில் பெண்களின் சிநேகிதம் அலங்காரத்துக்கு வருவதில்லை. உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியே அதுதான். சிநேகிதத்தை எடுத்துவிட்டால் மர்மம் அவிழாது. கதை நடக்கும் காலத்தை மாற்றினால் குற்றமே நடந்திருக்காது. ஒரு நல்ல நூலில் இந்த இரண்டும் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கலியாண வீட்டின் முன்னும் பின்னும்

ஆரையம்பதியிலோ காரைதீவிலோ ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பந்தலில் ஆண்கள் கதிரை போட்டு இருக்கிறார்கள். வெற்றிலை வட்டா கைமாறுகிறது. அங்கே போய், “பொம்பிளையின் சின்ன மாமா ஏன் வரவில்லை?” என்று கேட்டால், “வெள்ளாமை வெட்டு, வயலில் நிற்கிறார்” என்று பதில் வரும். ஊருக்குச் சொல்வதற்கென்று அந்த வீடு தயாரித்து வைத்திருக்கும் பதில் அது.

அதே கேள்வியை வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில் அடுப்பைச் சுற்றி இருக்கும் பெண்களிடம் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்களும் ஒரு திருவலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். “அது மறுகா சொல்றன் கா, முதல்ல இந்தத் தேங்காயத் திருவி முடி” என்பாள் ஒருத்தி. இரண்டு தேங்காய் முடிந்த பிறகு, மூத்தவளுக்குச் சீதனமாகப் போன கிழக்கு வளவைப் பற்றி ஒரு சொல் விழும். போன வருசச் சடங்கிலிருந்தே அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இன்னொருத்தி சேர்ப்பாள். யாரும் முழுக்கதையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னவற்றை நீங்கள்தான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முன்பந்தலில் எல்லாரும் கேட்கும்படி ஒரே பதில் இருக்கிறது. கோடியில் பல துண்டுகள் இருக்கின்றன, நம்பிக்கையைக் கொடுத்தால்தான் அவை கைக்கு வரும். பெண்களை மையமாகக் கொண்ட வரலாற்று மர்மக் கதை, விசாரணையை முன்பந்தலிலிருந்து கோடிக்குக் கொண்டுபோகும் கதை.

தெரிந்திருக்க வேண்டிய சில பெயர்கள்

வரலாற்றுப் புனைவு என்பது, எழுதுகிறவர் தன் அனுபவமாக அல்லாமல் தேடித் தெரிந்துகொண்டு எழுதும் கடந்தகாலக் கதை. எவ்வளவு பழைய காலம் என்பதற்கு, குறைந்தது 50 ஆண்டு என்பது ஆங்கில நூலுலகில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. வால்டர் ஸ்கொட் 1814இல் தன் முதல் நாவலுக்குத் துணைத்தலைப்பிடும்போது அறுபது ஆண்டைக் குறிப்பிட்டார். (அதே 1814இல்தான் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்பில் வந்து இறங்கினார். நாவல் என்ற வடிவமும் பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமும் நம் பக்கத்துக்கு வந்த பாதை அந்தக் காலத்திலேயே தொடங்குகிறது.)

மர்மக் கதை என்பது ஒரு கேள்வியை முதலில் வைத்து, பதிலைக் கடைசிவரை மறைத்து, இடையில் அதற்கான தடயங்களை வாசகர் கண்முன்னே போட்டுக்கொண்டு போகும் கதை. நவீன துப்பறியும் கதையின் தொடக்கமாக 1841இல் எட்கர் அலன் போ எழுதிய சிறுகதையைச் சொல்வார்கள். கேள்வி கொலையாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. காணாமற்போன ஒரு காணி உறுதி, யாருடையதென்று தெரியாத ஒரு குழந்தை, திடீரென்று நின்றுபோன ஒரு பேச்சுவார்த்தை, இவை எதுவும் போதும்.

துப்பு என்பது உண்மையை நோக்கி இழுக்கும் தடயம். பொய்த்தடம் என்பது வாசகரை வேறு பக்கம் திருப்புவதற்காக வேண்டுமென்றே வைக்கப்படும் தடயம். நேர்மை விதி என்பது இந்த இரண்டையும் கையாளும் ஒழுங்கு: துப்பறிபவருக்குக் கிடைத்த ஒவ்வொரு துப்பும் வாசகருக்கும் கிடைத்திருக்க வேண்டும். 1929இல் றொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் இத்தகைய விதிகளைப் பத்தாகத் தொகுத்தார். பத்தும் நமக்கு வேண்டாம், இந்த ஒன்று போதும்.

ஆக, இதுவரை மூன்று விடயங்கள்: எழுத்தாளர் தேடித் தெரிந்துகொண்ட காலம், மறைத்து வைக்கப்பட்ட பதில், அதை நேர்மையாக வெளிக்கொணரும் தடயங்கள். பெண்களின் சிநேகிதம் இதில் எங்கே வந்து பொருந்துகிறது என்பதற்கு, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

வைகாசியில் நாம் கேட்கும் வழக்கு

தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று நம் கரையோரம் முழுவதும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிறது. கண்ணகி மதுரையில் வழக்காடிய கதையான வழக்குரை பாடப்படுகிறது. சின்ன வயதிலிருந்து கேட்டதால், அது ஒரு விசாரணைக் கதை என்பது நமக்கு உறைப்பதில்லை. களவுபோன பொருள் ஒன்று. பிழையான ஆளுக்குத் தண்டனை. உண்மைக் கள்வன் குற்றம் சாட்டியவனே, அந்தப் பொற்கொல்லன். தீர்ப்பை மாற்றுவது ஒரு சடப்பொருள்: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் தெரிந்துவிடும். இதைவிடத் தெளிவான தடயத்தை எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

சிலப்பதிகாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோவலனுக்கு என்ன நடந்தது, எந்தக் குற்றச்சாட்டின் பேரில் நடந்தது என்பதைக் கண்ணகிக்குச் சொல்வது அரண்மனை ஆளல்ல. ஊருக்குள் போய் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ஆய்ச்சியர் சேரிக்கு ஓடி வருகிறாள் ஒரு பெண். வந்தவளுக்கு வாய் வரவில்லை. “தோழீ” என்று அழைத்து அழைத்துத்தான் கண்ணகி அவளிடமிருந்து செய்தியை எடுக்கிறாள். அதற்கு முன்பும், தன் கெட்ட கனவை அவள் சொன்னது தேவந்தி என்ற சிநேகிதியிடம். மதுரையில் அவளுக்கு இடம் கொடுத்தவர்கள் மாதரியும் அவள் மகள் ஐயையும். அரசனின் முன்னால் நிற்கும்போது கண்ணகி தனியாக நிற்கிறாள். அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்த தகவல் முழுவதும் பெண்கள் கைமாற்றியது.

பொன்னியின் செல்வனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அதிலும் கொலை இருக்கிறது, வரலாறு இருக்கிறது, குந்தவைக்கும் வானதிக்கும் இடையே அழகான சிநேகிதமும் இருக்கிறது. ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற முடிச்சு அந்தச் சிநேகிதத்தின் வழியே அவிழவில்லை. ஆகவே அது பெரும் வரலாற்று நாவல், இங்கே பேசப்படும் வகை வேறு.

ஏன் சிநேகிதிகள், ஏன் பொலிஸ் அல்ல?

நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய மட்டக்களப்பைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என்ன கிடைக்கும்? அரசாங்கக் கச்சேரிக் கடிதங்கள், காணி உறுதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள், கோயில் கணக்குகள், மிஷனரிமாரின் குறிப்புகள். பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஆண்கள். பெண் அதில் வருவாள், ஆனால் இன்னாரின் மகளாக, இன்னாரின் பெண்சாதியாக, பெயருக்கு நேரே கையொப்பத்துக்குப் பதிலாகக் கீறிய ஒரு புள்ளடியாக வருவாள். அந்தப் புள்ளடியை அவள் விரும்பித்தான் இட்டாளா, கையைப் பிடித்து இடுவித்தார்களா என்பதை ஆவணம் சொல்லாது. இதை ஆவண இடைவெளி என்று வைத்துக்கொள்வோம்: நடந்தது ஒன்று, எழுதப்பட்டது அதில் ஒரு பகுதி, எழுதப்படாத மிச்சம் யாருடைய வாழ்க்கையோ அந்த ஆளுக்குத்தான் தெரியும்.

இவ்வகைக் கதையின் மர்மம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. அங்கே பொலிஸ்காரரோ மரண விசாரணை அதிகாரியோ போக முடியாது. போகக்கூடியவர்கள் மருத்துவிச்சி, துணி எடுக்க வருகிறவள், பன்பாய் இழைக்கக் கூடும் அயல் பெண்கள், எழுதப் படிக்கத் தெரிந்ததால் ஊர்ப் பெண்களின் கடிதங்களையெல்லாம் வாசித்துக் கொடுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஒவ்வொருத்தியிடமும் ஒரு துண்டு. ஒருத்தியை மற்றவள் நம்பினால்தான் துண்டுகள் சேரும்.

மருத்துவிச்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஊரில் எந்தப் பிள்ளை எந்த இரவில் எந்த வீட்டில் பிறந்தது, தாய் யாருடைய பெயரைச் சொல்லிக் கதறினாள், எந்தப் பிள்ளை மாதம் முந்திப் பிறந்ததாகச் சொல்லப்பட்டாலும் நிறைமாதப் பிள்ளையின் எடையோடு இருந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் அதை வெளியே சொல்லமாட்டாள் என்பதால்தான் எல்லா வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கிறது. துப்பறியும் கதையில் இப்படி ஓர் ஆள் பொன். ஆனால் அவளை எழுதுகிறவர்கள் பலர், கேட்டவுடன் பதில் சொல்லும் ஒரு அகராதி போல ஆக்கிவிடுகிறார்கள். உண்மையில் அவள் சொல்லாமல் இருப்பதற்கான காரணம்தான் கதை.

வெளிநாட்டு நூல்களில் இந்தப் பொறிமுறை மிகத் தெளிவாகத் தெரியும் ஒன்றைச் சொல்கிறேன். சுஜாதா மாஸியின் ‘தி விடோஸ் ஒவ் மலபார் ஹில்’ 2018இல் வந்தது. கதை 1921இன் பம்பாயில் நடக்கிறது. ஒரு முஸ்லிம் செல்வந்தர் இறந்துவிட, கோஷாவில், அதாவது அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், வாழும் அவருடைய மூன்று மனைவியரும் தங்கள் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று ஒரு கடிதம் வருகிறது. கையொப்பங்களைப் பார்த்தால் சந்தேகம். ஆண் வழக்கறிஞர் அந்தப் பெண்களின் முன்னால் போய் இருந்து கேட்க முடியாது. பேர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண் போகலாம், அவளும் சட்டம் படித்தவள். இந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்மாதிரி கோர்னீலியா சொராப்ஜி. ஒக்ஸ்போர்டில் சட்டம் படித்த முதற் பெண் அவர், கோஷாப் பெண்களின் சொத்து விவகாரங்களுக்காகப் பல ஆண்டு உழைத்தவர். ஒரு காலத்தின் தடையே ஒரு பெண்ணுக்கு மட்டும் திறக்கும் கதவாக மாறுகிறது. கதையின் இயந்திரம் அதுதான்.

சுருக்கமாக: எழுதப்பட்டது ஆண்களிடம், எழுதப்படாதது பெண்களிடம். எழுதப்படாததை வாங்கும் விலை நம்பிக்கை. அதனால் சிநேகிதமே விசாரணை முறையாகிறது.

காலம் வெறும் உடுப்பல்ல

புதிதாக வாசிக்க வருகிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. பழைய கால வீடு, பழைய கால நகை, மாட்டுவண்டி, இவற்றைப் போட்டால் வரலாற்றுக் கதை ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். நல்ல நூலில் காலம் மூன்று வேலை செய்கிறது: குற்றத்துக்குக் காரணம் கொடுக்கிறது, வழி கொடுக்கிறது, கண்டுபிடிப்பவருக்கு எல்லை போடுகிறது.

கல்லடிப் பாலத்தை எடுங்கள். பழைய இரும்புப் பாலம் 1924இல் வந்தது. அதற்கு முன் இரவில் மட்டக்களப்பு நகரான புளியந்தீவிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்குப் போனவர் ஒரு தோணிக்காரரை எழுப்பியிருக்க வேண்டும். ஆகவே 1920இல் நடக்கும் கதையில் ஒரு சாட்சி கட்டாயம் உண்டு. 1926இல் அதே ஆள் நடந்தே போய்விடலாம், சாட்சி இல்லை. கைரேகையும் அப்படித்தான். கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் 1897இல் தொடங்கியது. 1870இல் ஓர் உறுதியில் இருக்கும் புள்ளடி யாருடையது என்று நிரூபிக்க எந்தக் கருவியும் இல்லை, மனிதர்களின் வாய்தான் இருந்தது.

ஒரு மாதிரிக் கதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம். 1872. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர், இறந்துவிடுகிறார். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்ற வழக்காற்றுச் சட்டம் இருந்தது. அதன்படி ஓர் ஆணின் முதுசக் காணி, அதாவது பரம்பரையாக வந்த காணி, அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். ஊர் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் ஓர் உறுதி வெளியே வருகிறது. வயலைப் போடியார் தன் மகளுக்கே எழுதியிருக்கிறார், அவருடைய தங்கையும் சம்மதித்து, ஆனி மாதம் இன்ன தேதியில் புளியந்தீவில் உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் புள்ளடி இட்டிருக்கிறார். 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறுவதற்கு நொத்தாரிசின் உறுதி வேண்டும். ஆகவே கடதாசி ஒழுங்காகத்தான் இருக்கிறது. தங்கை, “நான் வரவுமில்லை, கீறவுமில்லை” என்கிறாள். அவளுடைய சொல்லுக்கு எதிராக முத்திரை குத்திய உறுதி நிற்கிறது.

இப்போது கோடிக்கு வாருங்கள். அந்த ஆனி மாதம் தங்கைக்குக் கடைசிப் பிள்ளை பிறந்திருந்தது. முப்பத்தொராம் நாள் கழியும்வரை துடக்கு, அதாவது தீட்டு. துடக்கு வீட்டுப் பெண் தோணியேறி வாவியைக் கடந்து போய் ஓர் உத்தியோகத்தர் முன்னால் இருந்திருக்கவே முடியாது. இதை எந்த ஆணும் கணக்கில் எடுக்கவில்லை. பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் இருவர். ஒருத்தி மருத்துவிச்சி. மற்றவள் பிள்ளை பிறந்த இரவில் கைவிளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவள், போடியாரின் மகள். உறுதியால் வயல் கிடைக்கப்போவது அவளுக்கு. துடக்கு வீட்டுக்காரியின் மூத்த மகளோ அவளுடைய மச்சாள், சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்த சிநேகிதி.

நேர்மை விதியை நினைவில் வையுங்கள். இந்தக் கதையை எழுதுகிறவர் முப்பத்தொராம் நாள் கழிவைக் கடைசியில் திடீரென்று அவிழ்த்துவிடக் கூடாது. தொடக்கத்திலேயே, வீடு மெழுகி, தாயையும் பிள்ளையையும் முழுக வார்த்து, சோறு கொடுக்கும் ஒரு சந்தோசமான நாளாக அது வந்திருக்க வேண்டும். வாசகர் அதை வெறும் ஊர்வழக்கு வர்ணனை என்று கடந்துபோய்விடுவார். துப்பு அங்கேதான் கிடக்கும்.

இதே கதையை 1890க்குத் தள்ளிப் பாருங்கள். 1876ஆம் ஆண்டின் திருமண உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் முக்குவர் சட்டத்துக்கு இடமில்லாமற் போய்விட்டது. போடியாரின் மகளே வாரிசு. பொய் உறுதி எழுத வேண்டிய தேவையே இல்லை. கதை கலைந்துவிடும். ஒரு வரலாற்று மர்மக் கதை நல்லதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியாது: இருபது ஆண்டு முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளினால் கதை உடைகிறதா? உடைந்தால் நல்லது.

நம் பக்கத்தில் அந்நியர் யார்?

மேற்கு நாட்டுப் பெண் மர்மக் கதைகளில் அடிக்கடி வரும் ஒரு தொடக்கம் உண்டு. புதுமணப்பெண் கணவனின் பெரிய வீட்டுக்குள் நுழைகிறாள். வீடு அவளுக்குப் புதிது, வேலைக்காரி முறைத்துப் பார்க்கிறாள், பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களும் இந்த அச்சை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் அது பொருந்தாது.

இங்கே குடி, அதாவது குலம், தாய்வழி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது பொது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறார். மூத்த மகளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் வேறு வீடு கட்டிப் போவதும், சகோதரிகள் வேலிக்கு வேலி அடுத்தடுத்து வாழ்வதும் இங்கே வழமை. ஆகவே வீட்டின் இரகசியம் தெரிந்தவர்கள் பெண்கள், வந்து புகுந்த அந்நியர் கணவர். பூட்டிய அறையின் திறப்பு மனைவியின் முந்தானையில் முடிந்திருக்கிறது. அச்சத்தின் திசையே மாறிவிடுகிறது.

இதனால் நம் பெண்களுக்குத் துன்பம் குறைவாக இருந்தது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. சொத்து பெண்ணின் பெயரில் இருந்தாலும், அதைப் பேசித் தீர்க்கும் இடத்தில் பெரும்பாலும் மாமன்மாரும் தகப்பன்மாரும்தான் இருந்தார்கள். சீதனம் கொடுக்க முடியாத வீட்டுப் பெண்ணின் நிலைமையை இன்றைக்கும் நாம் கண்ணால் காண்கிறோம். பெயரில் இருக்கும் உரிமைக்கும் கையில் இருக்கும் அதிகாரத்துக்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரம்தான் நம் பக்கத்துக் கதைகளுக்குக் கிடைத்திருக்கும் தனிப் பொருள். வேறு ஊர்க்காரர் எழுத முடியாத கதை இது. நாம் எழுதாமல் விட்டால் எழுதப்படாமலே போகும்.

சிநேகிதம் இனிப்பாக மட்டும் இருந்தால்

மாதிரிக் கதைக்குத் திரும்புவோம். போடியாரின் மகள் வாய் திறந்தால் வயல் போகும், தகப்பன் பொய் உறுதி எழுதினார் என்ற பெயர் வரும். திறக்காவிட்டால் மச்சாள் போவாள். கதையின் உண்மையான கேள்வி “யார் எழுதியது?” என்பதிலிருந்து “இவள் என்ன செய்வாள்?” என்பதற்கு நகர்ந்துவிட்டது. இவ்வகை நூல்களின் உயரம் இங்கேதான் தெரியும். துப்பு ஒரு பொருளாகவோ கடதாசியாகவோ இருந்தால் எடுத்து மேசையில் வைத்துவிடலாம். துப்பு ஒரு சிநேகிதியின் நினைவாக இருந்தால், அதை வெளியே எடுப்பதற்கு அவள் எதையாவது இழக்க வேண்டும்.

சிநேகிதிகள் ஒருவருக்கொருவர் பொய் சொல்வார்கள், காக்கும் நோக்கத்தோடு. பொறாமைப்படுவார்கள். ஒருத்தி படித்து முன்னேற, மற்றவள் பின்தங்கியதில் வரும் மௌனம் இருக்கும். சாதியும் வர்க்கமும் இருவரையும் ஒரே பாயில் இருக்க விட்டாலும் ஒரே கோப்பையில் குடிக்க விடாது. இவை எதுவும் இல்லாமல் இரண்டு பெண்கள் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தால், அந்த நூலை நான் நம்பமாட்டேன்.

நம் ஊர்களில் இதற்கு இன்னோர் அடுக்கும் உண்டு. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும், காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே ஒரு வீதியின் அகலம்தான். வட்டிலப்பமும் பொங்கலும் அந்த வீதியைக் கடந்து போய்வந்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த வன்முறைகள் அந்தப் போக்குவரத்தை அறுத்தன. தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் சிநேகிதிகளாக இருந்த 1950களின் கதையை இன்று எழுதும்போது, பின்னால் வரப்போவது வாசகருக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நேர்மையாகக் கையாண்டால் ஒரு சொல்லும் மிகைப்படுத்தத் தேவையில்லை.

பிழை எங்கே வரும்

அதிகம் வருவது காலவழு, அதாவது கதையின் காலத்தில் இருந்திருக்க முடியாத பொருளோ சொல்லோ எண்ணமோ உள்ளே நுழைவது. பொருளில் வரும் வழுவைக் கண்டுபிடிப்பது எளிது. 1910இல் ஒரு பெண் வாக்குப் போட்டால் பிழை, நம் நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1931இல். அம்பாறை மாவட்டம் என்று 1950இல் ஒருவர் சொன்னால் பிழை, மட்டக்களப்பிலிருந்து அது பிரிந்தது 1961இல்.

எண்ணத்தில் வரும் வழு கடினமானது. 1890இன் பெண் இன்றைய மேடைப் பேச்சைப் பேசுவாள், துடக்கை மூடநம்பிக்கை என்று உதறுவாள், கலியாணமே வேண்டாமென்பாள். அக்காலத்துப் பெண்கள் எதிர்க்கவில்லை என்று சொல்லவில்லை. எதிர்த்தார்கள், தங்களிடம் இருந்த கருவிகளால். கவியில் ஏசினார்கள். சாமத்தியத்துக்கு அழைத்தும் குரவை போடாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அயல் வீட்டுக்குப் போய்வர வேலியில் இருந்த கண்டாயம் என்ற வழியை அடைத்தார்கள். குரவை எழ வேண்டிய நேரத்தில் எழாத ஒரு முற்றத்தை எழுதத் தெரிந்தவருக்கு, பாத்திரத்தின் வாயில் பிரசங்கம் வைக்கத் தேவை வராது.

எங்கிருந்து தொடங்கலாம்

வாசிக்க விரும்புகிறவர் ஒரு நூலைக் கையில் எடுத்ததும் முதல் ஐம்பது பக்கத்துக்குள் மூன்றைத் தேடுங்கள்: ஆவணம் ஒன்று சொல்ல, பெண்கள் வேறொன்று அறிந்திருக்கும் இடம், அந்தக் காலத்துக்கே உரிய ஒரு சட்டமோ வழக்கமோ, சொல்லத் தயங்கும் ஒரு சிநேகிதி. மூன்றும் இருந்தால் தொடருங்கள்.

எழுத விரும்புகிறவருக்குப் பொருள் நம் வளவுக்குள்ளேயே கிடக்கிறது. 1957 வெள்ளம் ஐம்பதாண்டு எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. 1978 நவம்பர் 23 சூறாவளி அந்த எல்லையை நெருங்குகிறது. ஓர் இரவில் கூரைகள் போயின, தென்னந்தோட்டங்கள் படுத்தன, பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் கடிதங்களும் நனைந்து போயின. ஆவண இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதற்கு அதைவிட நேரான உதாரணம் வேண்டாம். அன்று இருபது வயதாக இருந்த பெண்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். அவர்களிடம் போகும்போது “சூறாவளி எப்படி இருந்தது?” என்று கேட்டால் பத்திரிகையில் வந்ததைத்தான் சொல்வார்கள். “அன்று இரவு யாருடைய வீட்டில் ஒதுங்கினீர்கள் மாமி, கூட யார் யார் இருந்தார்கள், கையில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்?” என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதை அடுத்த வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாத இடத்தைக் குறித்துக்கொண்டு, எழுதுவதை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.